ஆமென் மட்டும் சொல்லலாம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். தெருவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கண்ணை மூடினோம்.

2. அம்மா சத்தமாக ஜெபித்தார். மழைக்காக, தக்காளி விலைக்காக, என் கல்யாணத்துக்காக, கடைசியில் அண்ணிக்காக. "ஆண்டவரே, இந்த வூட்டு மருமகளோட கர்ப்பத்தத் தெறந்தருளும். அவ மனசுல இருக்கற கசப்ப எடுத்துப் போடும்" என்றார்.

3. எல்லோரும் ஆமென் சொன்னோம். அண்ணி சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே திறந்திருந்தார்.

4. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போன பிறகு அம்மா, "ஆமென் சொல்றதுக்குக்கூட வாய் வலிக்குதா?" என்று கேட்டார். அண்ணி, "இனிமே எனக்காக ஜெபம் பண்றதா இருந்தா என்னைக் கேட்டுட்டுப் பண்ணுங்க அத்த" என்றார்.

5. அம்மா அழுதார். அண்ணன், "ஜெபந்தான பண்ணாங்க, அடிச்சாங்களா?" என்றான்.

6. மறுநாள் காலை அண்ணி ஒரு பையோடு பாலக்கோட்டில் பஸ் ஏறி, மாரண்டஹள்ளியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களைப் போன்ற வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருவரிடம் நேரில் சொல்ல முடியாததை, அவரைப் பக்கத்தில் முழங்காலில் வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லலாம். நான் பாலிடெக்னிக் படித்தபோது அளவுக்கு மீறி போன் பார்க்கிறேன் என்பதை அம்மா அப்படித்தான் எனக்குத் தெரியப்படுத்தினார். ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. பேசுகிறவர் கடவுளோடு பேசிக்கொண்டிருக்கிறார்; நடுவில் புகுந்து "அப்படி இல்லை" என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

அதற்காக அம்மா வேஷம் போடுகிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணிக்காக அவர் வாரம் ஒரு நாள் சாப்பிடாமல் இருக்கிறார். அது உண்மையான பசி.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். அங்கே அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஷிப்ட் மாறும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் எந்த மெஷினில் என்ன கோளாறு என்று சொல்வார். வருகிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்ன பிறகுதான் போகிறவர் கிளம்பலாம். அம்மாவும் அண்ணியும் இப்படிச் செய்தாலே பாதி தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த ஓய்வு நாளில் மாரண்டஹள்ளிக்குப் போனேன். என்ன கேட்பது, எதை முதலில் கேட்பது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அண்ணி கூடத்தில் பீன்ஸைக் கொட்டி முற்றலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காய்கறி வியாபாரி. நானும் உட்கார்ந்து பிரித்தேன். கேள்வி எதுவும் கேட்க வரவில்லை.

"நல்லதையும் சேத்துத் தூக்கிப் போடற பாப்பா" என்றார். என் குவியலிலிருந்து நாலைந்தை எடுத்து அந்தப் பக்கம் போட்டார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ரெண்டு தடவ நின்னுச்சு. ரெண்டும் தங்கல. உங்கண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். ரெண்டாவது போனது ஒரு வெள்ளிக்கெழம காலையில. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து படுத்திருந்தேன். வூட்டுல வயித்து வலின்னு உங்கண்ணன் சொல்லிட்டாரு. சாயந்தரம் ஜெபத்துக்கு எந்திரிச்சு வந்து உக்காந்தேன். அத்த, கர்ப்பத்தத் தெறந்தருளும்னாங்க. நானும் ஆமென்னு சொன்னேன்."

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவில்லை. நானும் அங்கேதான் இருந்திருப்பேன்.

"அம்மாகிட்டச் சொல்லிரலாமே அண்ணி. புரிஞ்சுக்குவாங்க."

"சொல்லிராத. சொன்னா அதுக்கும் ஒரு உபவாச ஜெபம் வெப்பாங்க. தெருவே வரும்."

சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். "நான் கேக்கறது ஒண்ணுதான் பாப்பா. என்னைக் கேட்டுட்டு ஜெபம் பண்ணட்டும். அத ஒத்துக்கிட்டா அன்னிக்கே வந்துருவேன்."

அண்ணனிடம் தனியாகப் பேசினேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்றேன். "சொன்னா அம்மா தாங்காது. இப்பத் தாங்கறது அவதான்னு எனக்கும் தெரியுது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு" என்றான்.

பிறகு அம்மாவிடம் போனேன். அண்ணி சொன்னதில் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதை அப்படியே சொல்லி, "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க, அண்ணி என்ன கேட்டாங்க?" என்றேன்.

"எங்கூட இருக்கப் பிடிக்கலங்கறா."

"அப்படிச் சொல்லலம்மா. மறுபடியும் கேளுங்க."

மறுபடியும் சொன்னேன். அம்மா கவனமாகத்தான் கேட்டார். "ஜெபமே பண்ணாதீங்கங்கறா. சாமி இல்லாத வூட்டுலயா பொறந்தா அவ?"

பைபிளில் வழியோரத்தில் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், அவரையும் இயேசு கேட்டுவிட்டுத்தானே சுகமாக்கினார் என்றேன். சபையில் இதைக் கேட்டபோதெல்லாம் தலையாட்டியவர் அம்மா.

"அவரு சொகம் குடுக்கறவரு, அவரு கேப்பாரு. என் வேல ஜெபம் பண்றது."

"அப்ப மனசுக்குள்ள பண்ணுங்கம்மா."

"மனசுக்குள்ள பண்ணா அவளுக்கு எப்புடிக் கேக்கும்?"

என்ன சொல்லிவிட்டோம் என்பதை அம்மா இப்போது தானே பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அங்கிருந்து, "உங்கண்ணனுக்கு வெச்சது பத்தாதுன்னு உனக்கும் அவ மருந்து வெச்சுட்டாளா?" என்று கேட்டார்.

காரணத்தைச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் வெளியே சொல்ல மாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அது என்னிடம் சொல்லப்பட்டது. பேசுவதற்கு முன்னால் கேள் என்று சபையில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுவிட்ட பிறகு பேசவே முடியாமல் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆண்டவரிடம் கேட்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்றைய நிலை இது. அண்ணி மாரண்டஹள்ளியில் இருக்கிறார். அண்ணன் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய், சாயங்காலம் தனியாகத் திரும்புகிறான். வெள்ளிக்கிழமை ஜெபம் நடக்கிறது; அதில் அண்ணிக்கான பகுதி முன்பைவிட நீளமாகிவிட்டது. நான் வாக்கை மீறவில்லை.