காளைமேல் போன பெண்

எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்கு மேலே வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய பங்களாவைக் காலிசெய்து சாமான்களை விற்றார்கள். ஏலக்காய் வியாபாரியான என் அப்பா ஒரு பீரோ வாங்கினார். அதனோடு ஜீப்பில் ஒரு படமும் வந்து இறங்கியது. செங்காவி நிறத்தில் வரைந்த ஒரு பெண், காளைமேல் உட்கார்ந்திருந்தாள். காளை என்றால் அம்மாவுக்கு நந்திதான்; மேலே இருப்பவள் அம்மன். படத்தின் கண்ணாடியில் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் பூச்சரம் சாத்தினாள். மேலுடுப்பு இல்லாத அம்மன் என்பது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தல். சரத்தைத் தாராளமாகக் கட்டி அதையும் சரிசெய்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் எனக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தோட்டம், கிணறு, ஒரே பையன். ஜோசியரைக் கேட்டார்கள், மாமனைக் கேட்டார்கள், பல்லியைக்கூடக் கேட்டார்கள். என்னை மட்டும் கேட்கவில்லை. எனக்கோ டீச்சர் டிரெயினிங் போக ஆசை.

நாள் குறிப்பதற்கு முந்தின நாள் பார்த்து, பழைய படங்கள் வாங்கும் மெட்ராஸ்காரர் ஒருவர் வந்தார். அப்பாதான் படத்தை விற்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வந்தவர் குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இது அம்மன் இல்லைம்மா. இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பிரெஞ்சுக்காரர் வரைஞ்சது. கிரேக்கப் புராணம். ஒரு சாமி காளையா மாறி வந்து, இந்த ராஜகுமாரியை முதுகுல ஏத்திக்கிட்டுக் கடலைத் தாண்டிப் போயிடும். அங்கே போய்த் தனக்குப் பெண்டாட்டியா ஆக்கிக்கும்."

அம்மா நிலைப்படியில் நின்றபடியே கேட்டாள்: "அந்தப் புள்ளைக்குச் சம்மதமான்னு கேட்டாகளா சார்?"

அவர் சிரித்தார். "கதையில அதெல்லாம் இல்லைம்மா."

"எங்க வீட்டுலயும் இல்ல," என்றாள் அம்மா.

வெளியூர்க்காரர் முன்னால் அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. விலையைக்கூட இழுத்துப் பேசாமல் படத்தைக் கொடுத்தனுப்பினார். அவர் அப்படி எதையும் விற்று நான் பார்த்ததில்லை. எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வரப்போகும் சண்டையை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

சண்டை வரவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, இங்க வா. தேவாரத்துச் சம்பந்தம்... உனக்குப் பிடிச்சிருக்கா?"

"இல்லப்பா. நான் டீச்சருக்குப் படிக்கப் போறேன்."

"இத முந்தியே சொல்றதுக்கென்ன?" என்று என்மேலேயே எரிந்து விழுந்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்: "தேவாரத்துக்கு இப்ப பஸ்சு இருக்கா? நாள் குறிக்க முந்தி வெரசாப் போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்."