சொல்லி வைத்த சோறு

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வேலந்தாவளம் சந்தையில் மாடு ஏற்றியிருக்கிறேன், கோவிந்தாபுரத்தில் லாரி கழுவியிருக்கிறேன். எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. டாக்டரம்மாவின் ஜீப்பில் மட்டும் இரண்டு வருடம் இருந்தேன். ஓட்டுவதோடு தராசு பிடிப்பதும் என் வேலை.

அவர் மருந்து எழுதும் டாக்டர் இல்லை. பாலக்காட்டு அக்ரகாரத்தில் பிறந்து, முதலில் எலியின் ஈரலில் என்சைம்களை ஆராய்ந்தவர். பிறகு ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் கேழ்வரகை முளைகட்டி, அதில் எவ்வளவு இரும்புச்சத்து கிடைக்கிறது என்று பல வருடம் பார்த்தார். கடைசியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வந்து ரத்தசோகையில் இறங்கினார். ஏன் இப்படி மாறி மாறிப் போனீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். என்னைப் போல ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"டெஸ்ட் டியூபிலே இரும்பு சொன்னபடி கேக்கும். மனுஷா வயத்திலே கேக்கலை. அதைத் தேடிண்டு வந்தேன், வேறென்ன?" என்றார்.

போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில், கொழுந்து பறிக்கும் பெண்களின் ரத்தத்தை எடுப்போம். இன்னொரு நாள் போய், அவர்கள் சாப்பிடும் முன் தட்டில் இருப்பதையெல்லாம் எடைபோட்டுக் குறிப்போம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. தட்டில் முட்டை, கருவாடு, கீரை. ரத்தத்தில் இரும்பு இல்லை.

ஒரு மழை நாளில் டீக்கடையில் நின்றபோது, அறிக்கையை முடிக்கப்போவதாகச் சொன்னார். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. அந்தப் பெண்களின் சாப்பாட்டில் குறையில்லை. சாப்பாட்டோடு குடிக்கும், பால் விடாத கட்டன் சாயாதான் இரும்பை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கிறது. அந்த நேரத்தில் அதை நிறுத்தினால் போதும். இதுதான் முடிவு. வேலைக்காலம் முழுக்கத் தேடியது கிடைத்துவிட்ட முகம் அவருக்கு.

கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே, நாளைக்கு வருகிறோம் என்று அந்த லயத்துக்கு நான் போன் செய்து சொல்லிவிடுவேன். அவர் சொல்லச் சொன்னதில்லை. சொல்லாமல் போய் ஒரு வீட்டுச் சோற்றுப் பானையைப் பார்ப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. சேதி கிடைத்ததும் அந்தப் பெண்கள் விருந்துக்கு ஆக்குவதுபோல ஆக்கினார்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். விளிம்பு உடைந்த ஒரே நீலக் கிண்ணத்துக் கருவாட்டுக் குழம்பை ஒரே காலையில் மூன்று வீடுகளில் எடைபோட்டிருக்கிறேன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அது காகிதத்தில் ஏறி, இவர்களுக்குச் சோறு போதும் என்று சொல்லும் என நினைக்கவில்லை. வெறும் கஞ்சியில் மாதக்கணக்கில் ஓட்டியவன் நான். நினைத்திருக்க வேண்டும்.

"ஏனுங்கம்மா, அந்தச் சாப்பாடு நெசமில்லீங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. எந்தெந்த லயத்துக்குச் சொன்னாய் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் ஒருத்தர் ஆத்துக்கும் சொல்லாம போனதில்லை. எனக்காவது தோணியிருக்கணும்."

மறுநாளும் மழை தூறியது. யாருக்கும் சொல்லாமல் போனோம். முதல் வீட்டு அக்காவின் தட்டில் பழைய சோறு, உப்பு, இரண்டு மிளகாய். எங்களைப் பார்த்ததும் துண்டால் தட்டை மூடினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு முட்டையாச்சும் வாங்கி வச்சிருப்பேன்ல தம்பி. இப்படியா வந்து நிப்ப?"

டாக்டரம்மா படியேறவில்லை. இல்லாத முட்டையை எழுதியதில் உங்களுக்கு ஒன்றும் வரவில்லை, இருப்பதை எழுதினால் ஏதாவது வரலாம், அதற்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது, வேண்டாம் என்றால் இப்படியே போய்விடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார்.

"அப்ப ரெண்டு வருசமா எழுதுனது?" என்று அக்கா கேட்டார்.

"அது செல்லாது."

"ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"ஆறு மாசத்திலே வேலையே முடிஞ்சுடும். அதுக்குள்ளே எத்தனை வீடு பாக்க முடியறதோ, பாக்கறேன்."

அக்கா தட்டிலிருந்து துண்டை எடுத்தார். நான் சோற்றைத் தராசில் வைத்து, எடையைத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லு தம்பி. அந்தம்மா சரியா எழுதட்டும்."

சோறு, மிளகாய், உப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டரம்மா மழையில் நின்றபடியே எழுதிக்கொண்டார்.