வாய்க்காலில் கிடைத்த அப்பா

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு நெல்வயல். முன்பின் பார்த்திராத ஒருவர் வரப்பில் நின்றபடி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிப் போயிருங்க அண்ணாச்சி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் வீட்டைவிட்டு ஓடி வந்தவன் இல்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? செல்போன் இல்லை. இடது கால் செருப்பு இல்லை. முழங்கால் வரை சேறு.

அன்றிலிருந்து இதை எழுத உட்காருகிறேன், கை வரவில்லை. இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மனைவியிடம் நீட்டிவிடுகிறேன். இந்த வாரம்தான் கொஞ்சம் தெளிந்திருக்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மகள் கயல்விழியைத் தெரியும். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். என் வேலையும் தெரிந்திருக்கும் – காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் பிரிவு. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை யாராவது எங்கேயாவது விழுந்த கதைதான். குளியலறையில் விழுந்தவர், மாடிப்படியில் விழுந்தவர், கல்யாணப் பந்தியில் ரசம் கொட்டிய இடத்தில் விழுந்தவர்... வருடக்கணக்கில் இதையே படிக்கிறவனுக்கு உலகம் எப்படித் தெரியும்? ஈரமாகத் தெரியும்.

அந்த ஈரமான உலகத்தில்தான் கயல் ஒருநாள் போனில் சொன்னாள்.

"அப்பா, குற்றாலத்துல சோலோ டிராவலர்ஸுக்கு ஒரு வாக் நடத்துறாங்க. சிற்றாறு ஓரமா ரெண்டு நாள் நடக்கணும். கைடு வருவாங்க. புக் பண்ணிட்டேன்."

"தனியாவா போற?"

"சோலோன்னா தனியாதான்பா."

"தனியாப் போறதுக்குக் கைடு எதுக்கு? கைடோட கூட்டமாப் போறதுன்னா அது எப்படித் தனி?"

நியாயமான கேள்விதானே? அவள் பதிலுக்கு வேறொன்று சொன்னாள்.

"போன தடவை மைசூர் போனப்ப, நான் தங்கின ஹோட்டல் மேனேஜருக்கு போன் பண்ணி, ரூம் ஃபேன்ல ஸ்க்ரூ எல்லாம் டைட்டா இருக்கான்னு கேட்டீங்க. அந்த ஆள் ஏணி எடுத்துட்டு வந்து கதவைத் தட்டினாரு. இந்தத் தடவை அப்படி ஏதாவது பண்ணினீங்கன்னா, இனிமே எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். போகாம இருக்க மாட்டேன்பா... சொல்லத்தான் மாட்டேன்."

கவனித்தீர்களா? மகள் எங்கேயோ போகிறாள் என்பது ஒரு பயம். எங்கே போகிறாள் என்றே தெரியாமல் இருப்பது... அதற்கு எங்கள் ஆபீஸிலேயே பாலிசி கிடையாது. அவள் தொட்டது சரியான நரம்பு.

அவள் பதிவு செய்திருந்தது அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பும் பேட்ச். இணையத்தில் தேடினேன். அதற்கு முந்தைய பேட்ச்சில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அவளைப் பின்தொடரக் கூடாது. அவ்வளவுதானே பேச்சு? முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அது எப்படிப் பின்தொடர்வது ஆகும்?

வீட்டில் திருநெல்வேலியில் ஆபீஸ் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சோலோ டிராவலராக பஸ் ஏறினேன்.

குற்றாலத்தில் சீசன். சாரல் முகத்தில் பூப்போல விழுந்தது என்று எழுத ஆசைதான். நான் பார்த்தது அதை அல்ல. அருவிக்கரை முழுக்க எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய, ஈரப் பாறையில், சிரித்துக்கொண்டே நடக்கிற கூட்டம். என் தொழிலில் இருப்பவன் பார்க்கக் கூடாத காட்சி அது. கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடந்ததை நினைத்து நடுங்கினேன்.

லாட்ஜ் வாசலில் கைடு காத்திருந்தாள். ஷமீமா, பக்கத்து ஊரான வடகரைப் பெண். கயலைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நடக்க வந்தவர்கள் நான்கு பேர். விருதுநகரிலிருந்து ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர். ஈரோட்டிலிருந்து உமா டீச்சர். விக்னேஷ் என்று ஓர் ஐ.டி. இளைஞர். நான்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றாள் ஷமீமா.

சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்க நான் சில கேள்விகளை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எனக்கு முன்பே சப்-இன்ஸ்பெக்டர் ஆரம்பித்துவிட்டார்.

"லாட்ஜ் ரூம்ல உள்தாழ்ப்பாள் உறுதியா இருக்கா? வெளியில சிசிடிவி ஓடுதா, சும்மா மாட்டி வச்சிருக்கா?"

"வழியில பாம்பு இருக்குமாம்மா?" என்றார் டீச்சர். "சரி, இருக்கும். என்ன பாம்பு?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆற்றில் அதிகபட்ச ஆழம் எவ்வளவு? சராசரி வேண்டாம்" என்றேன்.

ஷமீமா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"சரி, சொல்லுங்க. உங்க பிள்ளைங்க எந்த பேட்ச்சுல வருதாங்க?"

 டீச்சர் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர், எத்தனையோ பேரை இப்படி நிற்கவைத்துக் கேட்டிருப்பார், முதலில் அவர்தான் உடைந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை. என் சின்ன மக."

"அதே பேட்ச். என் பையன்" என்றார் டீச்சர்.

நானும் கையைத் தூக்கினேன்.

"வாராவாரம் இதேதான்" என்றாள் ஷமீமா. "பிள்ளைக ஒரு பேட்ச் புக் பண்ணுனா, முந்தின பேட்ச் தாய் தகப்பனால நெறைஞ்சிருது. எங்க ஓனர் உங்கள நம்பித்தான் புது வேன் வாங்கிருக்காரு."

பாவம் விக்னேஷ். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு நிஜமான சோலோ டிராவலர் அவர்தான். வீட்டின் நச்சரிப்பு தாங்காமல் இரண்டு நாள் தனியாக இருக்கலாம் என்று வந்தவருக்குத் திடீரென்று மூன்று பெற்றோர். "தம்பி, தலையைத் துவட்டுங்க." "தம்பி, அந்தக் கல்லு மேல ஏறாதீங்க." "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" நடக்க ஆரம்பித்து மேலகரம் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் டீச்சர் அவருக்கு ரம்புட்டான் உரித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஒருமுறை விக்னேஷ் ஆற்றைப் பார்த்து மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் வீட்லயே இருந்திருக்கலாம்."

ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் தென்னந்தோப்பு. அழகான வழிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் பார்த்தது சிக்னலை. எந்தெந்த இடத்தில் செல்போன் எடுக்கிறது, எந்த இடத்தில் எடுக்கவில்லை என்று தெரிய வேண்டாமா? அதனால் மற்றவர்களைவிடப் பின்தங்கியே நடந்தேன்.

ஓர் அணைக்கட்டு வந்தது. சிக்னல் ஒரு கோடு. கையை உயர்த்தினேன், இரண்டு கோடு. நுனிக்காலில் நின்றேன். மூன்று...

வழுக்கியது.

நான் விழவில்லை. அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். போன்தான் விழுந்தது. தண்ணீருக்குள் ஒரு நொடி வெளிச்சமாகத் தெரிந்து அணைந்தது. ஒரு குச்சியால் துழாவினேன். செருப்பும் போனது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒருவரும் இல்லை.

ஆனால் பயப்படவில்லை. ஆற்றோரமாக நடக்கிறவன் எப்படித் தொலைவான்? தண்ணீரை இடதுபக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும் அல்லவா? நடந்தேன். வேகமாக நடந்தேன். ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. கோடை போலிருக்கிறது என்று நினைத்தேன், தலையில் சாரல் விழுந்துகொண்டிருக்கும்போதே. கடைசியில் ஆறு என் கண் முன்னாலேயே ஒரு மடை வழியாக நெல்வயலுக்குள் புகுந்து காணாமல் போனது.

அணைக்கட்டில் ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலை நான் ஆறு என்று நம்பி வந்திருக்கிறேன்.

அங்கேதான் அந்தத் தம்பதி. முருகையா, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கையில் மண்வெட்டி. அவர் மனைவி செல்லத்தாய்.

"யாரு நீங்க? தனியா இங்கன என்ன செய்யுதிய?" என்றார் முருகையா.

"தனியா நடக்க வந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. வேற இடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஏதும் மனக்கஷ்டமா அண்ணாச்சி?" என்றார் செல்லத்தாய்.

"மகளை நினைச்சாத்தான்..." என்று ஆரம்பித்தேன். மேலே பேச விடாமல் மூச்சு இரைத்தது. ஓட்டமாக நடந்து வந்த களைப்புதான். ஆனால் அதைப் போய் யாரிடம் சொல்வது?

"கோவிச்சுக்கிட்டு வந்துட்டாருட்டி" என்று தீர்ப்பு சொன்னார் முருகையா. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். நான் மீதியைச் சொல்லச் சொல்ல அவர் பிடி இறுகியதே தவிர தளரவில்லை. "நம்பரச் சொல்லுங்க. நான் பேசுதேன்."

இந்தக் காலத்தில் யாருக்கு யார் எண் மனப்பாடமாக இருக்கிறது? எனக்கு ஒரே ஓர் எண்தான் தெரியும். தினமும் அத்தனை முறை கூப்பிடுகிற எண் – கயலுடையது.

முருகையா ஸ்பீக்கரில் போட்டார். பட்டாளத்துக் குரல்.

"ஏம்மா, உங்க அப்பா எங்ககிட்டதான் இருக்காரு."

கட்.

சரியாகத்தான் செய்தாள். தெரியாத ஆள் யாராவது போனில் 'உன் அப்பா எங்களிடம் இருக்கிறார்' என்று சொன்னால் உடனே கட் பண்ணிவிடு என்று சொல்லிக் கொடுத்தது யார்? நான்தான்.

மறுபடி போட்டார். இந்த முறை நானே கத்தினேன். "கயல், நான்தான், அப்பா."

"குரலை எல்லாம் இப்ப கம்ப்யூட்டரே செய்யுது" என்றாள்.  இதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். "அப்பான்னா ரகசிய வார்த்தையைச் சொல்லுங்க."

ரகசிய வார்த்தை. அவள் சின்ன வகுப்பில் படிக்கும்போது நான் ஏற்படுத்தியது. அப்பா அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும். அது ஒரு காய். அதுவரை நினைவு இருக்கிறது. என்ன காய்?

"சுரைக்காய்."

"இல்ல."

"புடலங்காய்?"

"நான் போலீசுக்குப் போன் பண்றேன்."

"கத்தரிக்காயா இருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார் பக்கத்திலிருந்து செல்லத்தாய். முருகையா தன் பங்குக்கு வெண்டைக்காய் என்றார். வரப்பில் நின்று மூவரும் ஒரு சந்தையையே கூவிப் பார்த்துவிட்டோம். எதிர்முனையில் என் மகள் அழ ஆரம்பிப்பது கேட்டது. அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"ஏய், அழாத. முதல்ல உட்காரு. நின்னுக்கிட்டு அழுதா தலை சுத்தும். பக்கத்துல தண்ணி இருக்கா? சூடா இருந்தா ஆத்திக் குடி. ஜன்னல் பக்கம் உட்காராத..."

எதிர்முனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி.

"சரி. அப்பாதான். இதைக் கம்ப்யூட்டரால செய்ய முடியாது."

எங்கே நிற்கிறேன் என்று முருகையா சொன்னதுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. செல்லத்தாயிடம் பேசினாள். அப்பாவுக்குத் தலை துவட்ட ஒரு துண்டு வேண்டும், சூடாக ஏதாவது சாப்பிடக் கொடுக்க முடியுமா, கைடுக்கு நான் போன் பண்ணிச் சொல்கிறேன், அதுவரை அவரை எங்கேயும் நகர விடாதீர்கள்.

"எங்க நகருதாரு? புடிச்சி வச்சிருக்கோம்லா" என்றார் செல்லத்தாய். "நீ ஒண்ணும் நெனைக்காத தாயி. ஆனா அப்பாவ ஏசாத, என்ன?"

ஷமீமா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். நான் வீட்டைவிட்டு ஓடியவன் அல்ல, தனியாக நடப்பதற்குப் பணம் கட்டி வந்தவன் என்று விளக்கினாள். முருகையாவுக்குப் பிடிபடவில்லை.

"தனியா நடக்கதுக்குப் பணம் கட்டணுமா?"

"ஆமா அண்ணாச்சி."

"தொணைக்கு ஆளும் வருமா?"

"நான்தான் வருதேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோவிச்சுக்கிட்டு வந்திருந்தாக்கூட நாயம் இருக்கும்" என்றார்.

அன்று இரவு லாட்ஜில் சப்-இன்ஸ்பெக்டரின் போனிலிருந்து கயலுடன் பேசினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை நான் கிளம்புறேன். நீங்க போன் பண்ணக் கூடாது. நானும் பண்ண மாட்டேன். அடுத்து எங்க போறேன்னு கேட்கவும் கூடாது" என்றாள். வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். நான் பயந்தது நடந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புது போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் யாரோ எங்கேயோ விழுந்த கதைகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சனிக்கிழமை வீட்டில் இருந்தேன், அது இன்னும் மோசம். மனைவிக்கு அதற்குள் முழுக் கதையும் தெரிந்துவிட்டிருந்தது. "அவ ஆத்தைப் பார்த்து நடப்பா" என்றாள். "உங்களை மாதிரி போனைப் பார்த்து நடக்க மாட்டா."

மத்தியானம் போன் ஒருமுறை அதிர்ந்தது.

ஒரு படம். அந்த அணைக்கட்டு. வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு தென்னை மரம். மரத்தில் ஒரு தகரப் பலகை, சிவப்புப் பெயின்ட்டில் பெரிய எழுத்து, கூடவே ஓர் அம்புக்குறி: 'ஆறு இந்தப் பக்கம்'. முருகையாவின் வேலையாகத்தான் இருக்கும், எழுத்து அட்டென்ஷனில் நிற்கிறது. பலகைக்குக் கீழே கயல், தலை நனைந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

நான் கேட்கவில்லை. அவளாகத்தான் அனுப்பியிருந்தாள். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை.

'பீர்க்கங்காய்.'

உடனே கடைக்குப் போய் அரைக் கிலோ வாங்கி வந்து, கூட்டு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டேன் – இனி மறக்காது. தலையைத் துவட்டச் சொல்லி மட்டும் ஒரு மெசேஜ் போட்டேன்... அது கணக்கில் வராது, இல்லையா?