கடற்காக்கைகளுக்குப் போட்ட சப்பாத்தி

போன வாரம் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் சப்பாத்தி பார்சல் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் செருப்புத் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. திட்டிக்கொண்டே பிய்த்தவன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டைப் பார்த்தேன். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. எல்லாவற்றையும் இரண்டு விரல் அகலத்துக்குப் பிய்த்து அடுக்கியிருந்தேன். அது மனிதன் சாப்பிடும் அளவு இல்லை. ஒரு கடற்காக்கை பறந்தபடியே கவ்விக்கொள்ளும் அளவு. காய்ந்த கோதுமை வாசனை மூக்கில் ஏறியது. அப்புறம் எங்கே சாப்பிடுவது?

எண்பதுகளின் நடுவில், பம்பாய்க்கு அப்பால் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்றில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தேன். ஊரில் இதை விளக்குவதற்குள் உயிர் போய்விடும். திண்டிவனத்தில் என் மாமனார், கல்யாணமான நாளிலிருந்து "கப்பலுங்களா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கப்பல் இல்லை, கடலில் கால் நட்டுக் கட்டிய இரும்பு மேடை என்று படம் போட்டெல்லாம் காட்டினேன். கடைசியில் அவரே முடிவு கட்டினார். "புரிஞ்சி போச்சி. மல்லாட்டைக் கொல்லையில காவலுக்குப் போடுவமே, அந்தப் பரணு." இவ்வளவு சரியாக நான்கூடச் சொன்னதில்லை. பரண்தான். கீழே வேர்க்கடலைக் கொல்லைக்குப் பதில் தண்ணீர்.

அந்தப் பரணில் பதினான்கு நாள் வேலை, பிறகு பதினான்கு நாள் வீடு. மரம் கிடையாது, நாய் கிடையாது, பெண் குரல் கிடையாது. நான் பறவை பார்க்க ஆரம்பித்தது ஆர்வத்தால் என்று சொன்னால் பொய். பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம். ரேடியோ அறையில் படகுகளைப் பார்ப்பதற்கு ஒரு பைனாகுலர் தொங்கும். ஷிப்ட் முடிந்ததும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலே போய்விடுவேன். மழைக்காலம் முடிந்த கையோடு, எங்கிருந்தோ வரும் குருவிகள் களைத்துப்போய்க் குழாய்களின் மேல் வந்து விழும். ஒருநாள் கிரேன் கம்பியில் ஒரு பனங்காடை. திருவெண்ணெய்நல்லூர் ரோட்டில் தந்திக் கம்பி மேல் உட்கார்ந்திருக்குமே, அதே பறவை. ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி, அது பறந்து போகும்வரை அங்கேயே நின்றேன். மற்றதற்கெல்லாம் பெயர் தெரியாது, நானே வைத்தேன். தொண்டை சிவந்த சின்னக் குருவி ‘வெத்தலைபாக்கு’. வெள்ளை உடம்புக் கடற்காக்கைகளுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு, கைக்குழந்தைக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டு மாதிரி. அதுகளுக்கு ‘பாப்பா’. என் மனைவி வசந்தா அப்போது மாசமாக இருந்தாள். எனக்கு எதைப் பார்த்தாலும் குழந்தையாகத்தான் தெரிந்தது.

சமையல்கட்டில் ஏழுமலை என்று ஒரு பையன், கண்டமங்கலத்துக்காரன். மிச்சமான சப்பாத்தியை அவனிடம் கேட்டு வாங்கி, ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தின் ஓரத்தில் நின்று வீசுவேன். கையைத் தூக்கினால் போதும், பாப்பாக்கள் தலைக்கு மேல் வந்து கும்மியடிக்கும். "இன்னாண்ணா, டெய்லி பந்தி வெச்சிக்கினு கீறீங்க? அப்பறம் இதுங்க இங்கயே குடித்தனம் பண்ணும்" என்பான் ஏழுமலை. பண்ணட்டுமே என்றேன். காலையில் தளம் முழுக்க வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயைத் திருப்பி விரட்டுவார்கள். போகும், மறுபடி வரும். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

என்னை மாற்ற வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று அந்த முறை என் முறையை நீட்டிவிட்டார்கள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருந்ததால் நானும் சரி என்றுவிட்டேன். ஞாயிறு சாயங்காலம், தந்தி வந்திருக்கிறது என்று கரையிலிருந்து ரேடியோவில் படித்தார்கள். ஊருக்கே செய்தி வாங்கிச் சொல்கிறவன், என் செய்தியை நானே காதில் வாங்கி நானே எழுதினேன். வசந்தாவுக்கு வலி கண்டுவிட்டது, திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வா. மறுநாள் காலை ஹெலிகாப்டரில் எனக்கு ஒரு இடம் கொடுத்தார்கள்.

பயணம் போகிறவர்கள் ஹெலிகாப்டர் இறங்கும்வரை கீழ்த்தளத்தில்தான் காத்திருக்க வேண்டும். அது சட்டம். என்னால் முடியவில்லை. தண்ணீர் அடித்துப் பறவைகளை விரட்டிவிட்டு ஆட்கள் இறங்கியதும், சத்தம் கேட்கிறதே என்று நான் பையோடு மேலே ஏறிவிட்டேன். என் ஆரஞ்சு உடுப்பைப் பார்த்ததோ என்னமோ, போன கூட்டம் அப்படியே திரும்பியது. தளம் நிறைய இறங்கி உட்கார்ந்துகொண்டன. நான் பையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி வீசி வீசி விரட்டினேன். விரட்ட விரட்டப் பக்கத்தில் வந்தன. சப்பாத்தி என்று நினைத்துக்கொண்டன. கீழே கிடந்த நட்டு ஒன்றை எடுத்து எறிந்தேன். அதையும் ஒன்று பாய்ந்து பிடிக்கப் பார்த்தது. ஹெலிகாப்டர் இரண்டு சுற்று சுற்றியது. இறக்கையில் பறவை மாட்டினால் எல்லோரும் கடலில்தான். அது கரைப்பக்கம் திரும்பிப் போனது. நான் அந்த எச்சத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏழுமலைதான் வந்து தூக்கினான். "உங்களத் தேடிக்கினுதாண்ணா வந்துச்சிங்க" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

மத்தியானமே காற்று கிளம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுவும் பறக்கவில்லை. அந்த நாட்களில் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, தெரியாது. புயலில் கரைக்குப் பேசவும் வழியில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழுமலை வேலையை விட்டுவிட்டு என் பின்னாலேயே திரிந்தான்.

ரயில், பஸ் எல்லாம் மாறி ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். பெண் குழந்தை. குறைமாசம். வியாழன் சாயங்காலம் வரை இருந்திருக்கிறது. திங்கட்கிழமை ஏறியிருந்தால் புதன்கிழமை காலையில் வந்திருப்பேன். ஒரு நாளுக்கு மேலாகக் கையில் வைத்திருந்திருக்கலாம்.

"நீங்க வந்து பாக்கணும்னு வெள்ளிக்கெழம மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தோம்" என்றாள் வசந்தா. பிறகு, "ஏன் வர்ல?" என்றாள். "காத்து" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. யார் சாடை என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அத்த இப்ப கேக்காதீங்க. அப்பறமா சொல்றேன்" என்றாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தேன். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. நான் அந்த முகத்தைப் பற்றிக் கேட்டால், அவள் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் அப்படிப் பயந்துகொண்டே இருந்தேன். புதைத்த இடம் ரோடு அகலப்படுத்தியதில் போய்விட்டது. போட்டோ எடுக்கவில்லை, நாலு நாள் குழந்தைக்கு யார் எடுப்பார்கள்? வீட்டு மனிதர்களில் பார்த்தவர்கள் மூன்று பேர். மாமனார் போனார், மாமியார் போனார். போன ஐப்பசியில் வசந்தாவும் போய்விட்டாள். என் மகள் எப்படி இருந்தாள் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.