ஆளுக்கொரு தட்டு

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு, வீட்டிலும் ஏதாவது குவிந்து கிடந்தால் பற்றிக்கொண்டு வரும். நாள் முழுக்க அழுக்கு விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், இங்கே தொட்டி நிறைய எச்சில் தட்டுகள். கணவர் பஸ் ஓட்டுகிறவர், மகள் துணிக்கடையில், மகன் கல்லூரியில். யார் கழுவுவது என்று தினமும் ரகளை.

ஒருநாள் பரணைக் காலி செய்து, சமைக்கிறவை போக மற்ற பாத்திரங்களையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். சாப்பிட மிச்சம் வைத்தது வேறு வேறு நிறத்தில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு டம்ளர். அவரவர் சாப்பிட்டதை அவரவர் கழுவ வேண்டும்.

"விருந்தாளி வந்தா?" என்றாள் மகள்.

"வந்தா பாத்துக்கலாம்."

யாரும் வரவில்லை. தொட்டி காலியானது, மேடை பளிச்சிட்டது, சண்டை ஓய்ந்தது. கூடவே பேச்சும் ஓய்ந்துபோனது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. நேரத்துக்கொருவராக வந்தார்கள், சாப்பிட்டார்கள், கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். யார் வந்து போனது என்பதை ஈரத் தட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

யாரோடாவது உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் போலிருந்தது. கேட்க வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் இதற்கெல்லாமா மனுப் போடுவது?

விடுமுறை நாளன்று மதியம் மூன்று தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள். மகனுடைய நீலத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும்வரை கை வைக்காமல் இருந்தாள்.

"என் தட்டுல நீ ஏம்மா சாப்பிடறே?"

"மத்ததெல்லாம் கறை போக ஊறுதுடா. பாதியில எடுக்கக் கூடாது."

"இருக்கறதே நாலு. அதுல மூணுக்கு லீவு விட்டுட்டியா?" எதிரே உட்கார்ந்து போனை எடுத்தான். "சீக்கிரம் முடிம்மா. பசி உயிர் போகுது."

அவனிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பரீட்சை எப்போடா?"

"போன வாரமே முடிஞ்சிருச்சேம்மா."

வாய்வரை போன கவளம் தட்டுக்குத் திரும்பியது.

"எப்படி எழுதினே?"

"ம்... எழுதினேன்." இப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "கொறிக்காம சாப்பிடும்மா."

"பல்லு கூசுதுடா" என்றாள். சோற்றை இன்னும் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடிக்கத் தொடங்கினாள்.