பந்தலில் கேட்ட என் அழுகை

மேல் ஃபிளாட் பௌதி பொரியைக் கொறித்துக்கொண்டே என் வாயைப் பார்த்திருந்த மத்தியானங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பௌதி என்றால் அண்ணி. என் வயதுக்காரிதான் என்றாலும் வங்காளிகள் நிறைந்த டாக்குரியாவில் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். மகளின் பள்ளிக் கூட்டங்களில் எனக்கும் சேர்த்து என் கணவரே ஆங்கிலத்தில் பேசிவிடுவார். நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன். அந்த வெட்கக்கேடு போதும் என்றுதான் பௌதியிடம் ஆங்கிலம் கற்கப் படியேறினேன்.

ஆட்வெர்ப் எனும் வினையடை வந்ததும் திணறினேன். முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? "புத்தகத்து உதாரணம் வேண்டாம், உன் வீட்டைப் பற்றிச் சொல்லு, தானாக வரும்" என்றாள். வந்தது. மாமியார் சத்தமாகத் திட்டுகிறார். கணவர் அபூர்வமாகவே காது கொடுக்கிறார். கடைசியில், "ஐ க்ரை சைலண்ட்லி இன் த பாத்ரூம்." ஓசைப்படாமல் அழுவதை அம்மாவிடம்கூடத் தமிழில் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் யாரோ ஒருத்தியின் கதை போல எளிதாக வந்துவிட்டது. பௌதி கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருடத் துர்கா பூஜைப் பந்தலில் தெருக்காரர்கள் போட்ட தமாஷ் நாடகத்தில் பௌதிதான் கதாநாயகி. தலை நிறைய மல்லிகையோடு ஆங்கிலம் கற்கும் மதராஸிப் பெண். மேடைக்கு மாமியார் வந்தார், கணவர் வந்தார். ஐயோ, அதை மட்டும் விட்டுவிடு என்று நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருக்கும்போதே, முந்தானையை வாயில் திணித்து அழுதுகாட்டிவிட்டு, அந்த பாத்ரூம் வாக்கியத்தையும் இழுத்து இழுத்துச் சொன்னாள். பந்தலே குலுங்கியது. ஒன்றும் தெரியாத என் மகளும் கைதட்டிச் சிரித்தாள். என் கணவர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் படியிலேயே பௌதியை மறித்துக் கேட்டேன். "அரே, சும்மா மஜா! உன் பேரையா சொன்னேன்?" என்றாள். பாவி! பேரைச் சொல்லாததே பெரிய உபகாரமாம்.

இன்று லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம்தான் பேசுகிறேன். "நான் கற்றுக்கொடுத்தது" என்று பௌதி பெருமையடித்துக்கொள்கிறாள். அது பொய்யில்லை, அதனால்தான் வயிறு எரிகிறது.

பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் போன வாரம் ஃபோன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. "அம்மா, கல்யாணமான புதுசுல நீ தனியா அழுதிருக்கியா?" என்றாள். ஆமாம் என்ற சொல் நுனி நாக்கு வரை வந்தது. கூடவே பந்தலில் அவள் கைதட்டின சத்தமும் வந்தது.

"சேச்சே, நான் எதுக்குடி அழணும்?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.