எண்ணெய்ப் பொட்டு அட்டை

நான் முதன்முதலில் வாசித்தது புத்தகத்தை அல்ல, ஒரு பிஸ்கட் டப்பாவை. அதற்குள் ஒரு கட்டு அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம், தடித்த கறுப்பு எழுத்தில். படம் கிடையாது.

திருவனந்தபுரத்தில் நான் படித்தது மலையாளப் பள்ளி. அதன் கடைசி அறையில் மட்டும் தமிழ் வகுப்பு நடந்தது. என் அப்பாவைப்போல ஆரியசாலை மொத்தக் கடைகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே இருந்தோம். கோடை விடுமுறையில் எங்கள் டீச்சரைப் புதுமுறைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எழுத்தில் தொடங்கக் கூடாது, குழந்தை வாக்கியத்தை முழுசாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், எழுத்து பிறகு வரும் என்பது அந்த முறை. பிறகு வரும் என்ற பகுதிக்கு இன்னொரு கட்டு அட்டைகள் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். மலையாள வகுப்புக்கு அது வந்தது. தமிழுக்கு அச்சாகவில்லை. அதனால் வருடம் முழுக்க நாங்கள் முதல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். முனை கடிபட்டிருந்தால், அம்மா சோறு தருகிறாள். நீல மையில் விரல் பதிந்திருந்தால், மணி பள்ளிக்குப் போகிறான். நடுவில் மடிந்த கோடு இருந்தால், பசு புல் மேய்கிறது. வலது மூலையில் எண்ணெய்ப் பொட்டு இருந்தால், கிளி மாமரத்தில் இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாமல் சுத்தமாக இருந்தால், கிணற்றில் நீர் இருக்கிறது. இதற்குப் பெயர்தான் வாசிப்பு என்று நினைத்திருந்தேன். அட்டையை நீட்டியதும் சொல்லிவிடுவேன். வகுப்பிலேயே வேகமான வாசிப்பு என்னுடையது.

மெதுவான வாசிப்பு அக்காவுடையது. அவள் என் பெரியம்மாவின் மகள். பெரியப்பாவுக்குப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை. லயன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லாததால் அக்கா கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மலையிலேயே வளர்ந்தாள். பத்து வயதில்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, ஆறு வயதான என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். பெஞ்சுக்கு அடியில் அவள் கால்கள் கொள்ளாது.

கொண்டுவந்து விட்ட அன்றே பெரியப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். "வருசக் கடைசில இவள மூணாங்கிளாசுக்கு ஏத்தினா இருக்கட்டும். இல்லைன்னா கூட்டிட்டுப் போயிருதேன். கொழுந்து கிள்ளுத வயசு வந்தாச்சு."

"பாப்போம் அத்தான். படிப்பு ஏறணும்லா" என்றாள் அம்மா. வீட்டில் கூடுதலாக ஒரு வாய் என்பது அவள் குரலில் இருந்தது.

அக்காவுக்குப் பெரியப்பா லயன் வீட்டுத் தரையில் அடுப்புக்கரியால் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதுதான் அவளுக்கு வினையாயிற்று. அட்டையை நீட்டினால் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, உதட்டை அசைத்து, சேர்த்துச் சொல்வாள். டீச்சர் நாஞ்சில் நாட்டுக்காரர். அவருக்குப் பொறுக்காது.

"எழுத்தக் கூட்டாத பிள்ளே. மொத்தமாப் பாரு, பட்டுன்னு சொல்லு."

அக்கா முயன்று பார்ப்பாள். விரல் தானாகவே அட்டைக்குப் போய்விடும். பின்னாலிருந்து யாராவது, "பொன்முடி பஸ்ஸு ஏறுது டோய்!" என்பான். அந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திணறுவதைப்போல இன்னொருவன் வாயால் உறுமுவான். வகுப்பே சிரிக்கும். நானும்.

ஆண்டு முடிவில் இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழ் வகுப்பை மூடிவிடலாமா என்று மேலே பேச்சு இருந்தது. டீச்சரின் வேலையும் அதுவரை தற்காலிகம்தான். யாரை எந்த வகுப்புக்கு ஏற்றுவது என்பதையும் அவரே முடிவு செய்வார். அக்கா முதல் நாளே தன் பாவாடையைத் துவைத்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் மலையாளி. தமிழ் பேசுவார், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ் வாசிப்பைச் சோதிக்க அவரை அனுப்பியதில் யாருக்கும் விநோதம் தோன்றவில்லை. மேசையில் டீயும் பருப்பு வடையும் வைத்திருந்தார்கள். வடையைத் தின்றபடியே டப்பாவிலிருந்து அட்டைகளை எடுத்து நீட்டினார். பிள்ளைகள் மளமளவென்று சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் டீச்சரைப் பார்ப்பார், டீச்சர் தலையசைப்பார்.

என் முறை வந்தது. வலது மூலையில் எண்ணெய்ப் பொட்டு. "கிளி மாமரத்தில் இருக்கிறது!"

"மிடுக்கி!" என்று மலையாளத்தில் மெச்சினார் இன்ஸ்பெக்டர். டீச்சர் தலையசைக்கச் சற்றுத் தாமதித்தார். அதை நான் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது அக்கா. அவள் உயரத்தைப் பார்த்ததும், "இது பிள்ளையா, டீச்சரா?" என்று சிரித்துவிட்டு, கையிலிருந்த அதே அட்டையை அவளிடமும் நீட்டினார்.

அக்கா விரலை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. "கி... ண... கிணற்... கிணற்றில்... நீர்..."

"எந்தா இத்ர தப்பல்? நிர்த்து, நிர்த்து." இவ்வளவு தடுமாற்றமா என்று கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "ஒரே கார்டுதானே டீச்சரே? அந்தக் குட்டி கிளின்னு சொல்லுது, இது கிணறுன்னு சொல்லுது. எது சரி?"

கிளியும் கிணறும் மலையாளத்திலும் அவைதானே. அவருக்குக் காதாவது இருந்தது.

டீச்சர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கிளிதான் சார்."

அக்கா மறுபடியும் அட்டையைக் குனிந்து பார்த்தாள். "டீச்சர், இது கி-க்கு அப்புறம் ண—"

"போய் இரி பிள்ளே. பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசப்பிடாது."

இன்ஸ்பெக்டர் எதையோ குறித்துக்கொண்டு, கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். "முறை நல்லா இருக்கு. இந்த வலிய குட்டி ஒன்னிலேயே இருக்கட்டும்."

அந்த வருடத்தோடு டீச்சருக்கு வேலை நிரந்தரமாயிற்று. தமிழ் வகுப்பும் தப்பித்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பது இரண்டாம் வகுப்பில் புத்தகம் வந்த பிறகுதான் வெளியே வந்தது. ஸ்கேலால் அடி வாங்கிக்கொண்டு அ, ஆவிலிருந்து தொடங்கினேன். எழுத்துகள் பிடிபட்ட பிறகு ஒரு நாள், அலமாரியில் கிடந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். வலது மூலையில் எண்ணெய்ப் பொட்டு இரண்டு அட்டைகளில் இருந்தது. ஒன்று கிளி. இன்னொன்று, ஒரு காலத்தில் சுத்தமாக இருந்த கிணறு. அதிலிருந்தது பெரிய பொட்டு, வளர்ந்த ஓர் ஆணின் கட்டைவிரல் அளவு.

இப்போது எனக்கு அளவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. முள் வேகமாக நகர்கிறது என்பதற்காக எந்த மீட்டரையும் நாங்கள் நல்லது என்று எழுதிவிடுவதில்லை. சரியாகக் காட்டும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். அன்று அந்த அறையிலும் சரியாகக் காட்டும் ஒன்று இருந்தது. அதைத்தான் பழுது என்று ஒதுக்கினார்கள்.

ஒன்றாம் வகுப்பு முடிந்த கையோடு, அக்காவை அழைத்துப்போகப் பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒட்டாது" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். அம்மா வழிக்குக் கொஞ்சம் முறுக்கு கட்டிக் கொடுத்தாள். அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனோம்.

அக்கா படிக்கட்டை ஒட்டிய ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் அழாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது. கம்பியைப் பிடித்துப் படிக்கட்டில் ஏறி நின்று, ரகசியமாகச் சொன்னேன்.

"அக்கா, அந்த அட்டையில வலது பக்கம் எண்ணெய்ப் பொட்டு இருந்துச்சுல்லா? அது இருந்தா கிளி. அவ்வளவுதான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பொட்டா? நான் எழுத்தத்தான் பாத்தேன்."

ஐயோ பாவம் என்றிருந்தது எனக்கு. ஒரு வருடம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பொட்டைக்கூட இவளுக்குக் கவனிக்கத் தெரியவில்லையே. கண்டக்டர் மணி அடித்தார். அப்பா என்னைக் கீழே இறக்கினார். பஸ் நகர்ந்தபோது கூடவே கொஞ்ச தூரம் ஓடி, ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்:

"அடுத்த வருசம் வாக்கா! நான் உனக்கு வாசிக்கச் சொல்லித் தாரேன்!"